குடிமகனிடமே கேட்கப்படும் கேள்வி

அமெரிக்கக் குடியேற்றம் பற்றிய செய்தி எதுவானாலும் திரையில் ஓடும் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான்: எல்லை வேலி, ரியோ கிராண்டே ஆறு, விலங்கிட்ட கைகள். நம் தமிழ்த் தொலைக்காட்சிகளும் அவற்றையே வாங்கி ஒளிபரப்புகின்றன. ஆனால் அந்நாட்டில் வாழும் ஆறு கோடிக்கும் மேற்பட்ட லத்தீன் அமெரிக்க வழியினரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் குடிமக்கள்; பெரும்பாலோர் அங்கேயே பிறந்தவர்கள். கரீபியக் கடலில் உள்ள அமெரிக்க ஆட்சிப்பகுதியான போர்ட்டோ ரிக்கோவின் மக்களோ 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள்.

இவர்கள் எல்லாரையும் எல்லை தாண்டி வந்தவர்களாகக் காட்டும் இந்தச் சித்திரிப்பு எத்தகைய ஆயுதமாக மாறக்கூடும் என்பதை 1931-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் காட்டியது. பொருளாதாரப் பெருமந்த காலத்தில், நாடுகடத்தும் வேட்டை தொடங்கப்போவதாகப் பத்திரிகைகளில் முன்கூட்டியே அறிவித்து அச்சமூட்டினால் மெக்சிகோ வழியினர் தாமாகவே ஊரைக் காலி செய்வார்கள் என்று கணக்குப் போட்டார், நகரின் வேலையின்மை நிவாரணப் பணியை ஒருங்கிணைத்த சார்லஸ் வைசல். பத்திரிகைகளும் அவ்வறிவிப்பை வெளியிட்டன. பிப்ரவரியில் லா பிளாசிட்டா பூங்காவைச் சுற்றிவளைத்த அதிகாரிகள், உள்ளே இருந்த சுமார் 400 பேரிடம் ஆவணங்களைக் கேட்டனர். அந்தப் பத்தாண்டில் மெக்சிகோவுக்கு ரயிலேற்றி அனுப்பப்பட்டவர்களில் பெரும் எண்ணிக்கையினர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள், அவர்களிலும் பலர் குழந்தைகள். கலிபோர்னியா சட்டமன்றம் இதற்காக மன்னிப்புக் கோரியது 2005-இல்தான்.

பரிவோடு எழுதும் ஊடகங்கள் மீதும் எனக்கு மனக்குறை உண்டு. தோட்டத்தில் பழம் பறிப்பது யார், ஓட்டலில் பாத்திரம் கழுவுவது யார் என்று கேட்டு குடியேறியவர்களுக்காக வாதாடும் கட்டுரைகள், மனிதரின் உரிமையை அவர் உழைப்பின் பயனோடு கட்டிவிடுகின்றன. அந்தத் தராசில் பார்த்தால் வேலை செய்ய இயலாத முதியவருக்கு என்ன மதிப்பு?

2025 செப்டம்பரில், தோற்றம், பேசும் மொழி, இருக்கும் இடம், செய்யும் வேலை ஆகியவற்றை மட்டுமே வைத்து லாஸ் ஏஞ்சல்ஸில் ஆட்களை நிறுத்தி விசாரிப்பதற்குக் கீழ்நீதிமன்றம் விதித்திருந்த தடையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. குடிமகன் என்று தெரிந்ததும் உடனே விட்டுவிடுவார்கள் என்று நீதிபதி கவனா எழுதினார். போர்ட்டோ ரிக்கோப் பெற்றோருக்குப் பிறந்த நீதிபதி சோட்டோமயோர் இதைக் கடுமையாக மறுத்தார். வழக்குத் தொடுத்தவர்களிலேயே குடிமக்கள் இருந்தனர். அப்படியிருந்தும், இத்தகைய சம்பவங்களைப் பற்றிய தொலைக்காட்சி விவாதங்களில், நிறுத்தப்பட்டவரிடம் ஆவணம் இருந்ததா என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது. நிறுத்தியவரிடம் காரணம் இருந்ததா என்பதைக் கேட்க நேரம் கிடைப்பதில்லை.