அவர்களுக்கு மேய்ப்பர்கள் இருக்கிறார்கள்

நம் சபைக்காரர்கள் சிலர் ருமேனியாவுக்கு ஊழியம் போய் எடுத்து, சனிக்கிழமை முதல் எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்தச் சபை, யார் போனார்கள் என்று சொல்லப் போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். ருமேனியாவில் ஒரு ரோமா குடியிருப்பு; ஊரார் 'ஜிப்சிகள்' என்று அழைக்கும் மக்கள்தான் ரோமாக்கள். சேற்றில் வெறுங்காலோடு ஒரு பையன், கையில் நம்மவர்கள் கொடுத்த பரிசுப் பை, பின்னால் பதாகை. 'இருளில் கிடந்த ஜிப்சிகளுக்கு முதன்முதலாக ஒளி' என்று மேலே எழுத்து.

முதன்முதலாகவா? அந்த மண்ணில் ரோமாக்கள் சிலுவையைப் பார்த்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அங்குள்ள திஸ்மானா என்ற கிறிஸ்தவ மடத்துக்கு நாற்பது ரோமா குடும்பங்களை உடைமையாக உறுதிப்படுத்திய ஆவணம் 1385-ஆம் ஆண்டுக்குரியது. ஆம், ஆடுமாடுகளைப் போல. மடங்களும் பிரபுக்களும் அரசர்களும் அவர்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். அது முற்றாக ஒழிந்தது 1856-இல்தான். 2019 ஜூனில் போப் பிரான்சிஸ் ருமேனியாவின் பிலாஜ் நகருக்குப் போய், ரோமாக்கள் முன்னிலையில் திருச்சபையின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். போப்பே மன்னிப்புக் கேட்ட இடத்தில் நாம் பதாகை பிடிக்கிறோம்.

அவர்களுக்கு மேய்ப்பர்கள் இருக்கிறார்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். 1950-களில் பிரான்சில் கிளெமோன் லே கொசெக் என்ற பாஸ்டர் ரோமாக்களிடையே ஊழியம் தொடங்கினார். அவர் ரோமா அல்ல. ஆனால் ரோமாக்களையே போதகர்களாகப் பழக்கினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடப் படித்துப் போதகர்களானார்கள். அந்த நெருப்பு 1960-களில் ஸ்பெயினுக்குப் பரவி 'பிலதெல்பியா' சபையாக வளர்ந்தது. 1969-இல் அரசின் அங்கீகாரமும் பெற்றது. பிரசங்கம் செய்பவர், கிட்டார் வாசிப்பவர், காணிக்கை எண்ணுபவர் எல்லோரும் அவர்களே. கத்தோலிக்கர்களுக்கும் சொல்கிறேன்: 1936-இல் கொல்லப்பட்டு, 1997-இல் அருளாளராக உயர்த்தப்பட்ட செபெரினோ ஹிமெனெஸ் மாயா ஒரு ரோமா, குதிரை வியாபாரி.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். 1995 அக்டோபர் 30 இரவு, போரின்போது, யாழ்ப்பாணத்திலிருந்து மழையில் நடந்து வந்தவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு ஒன்பது வயது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில், தறப்பாளுக்குக் கீழே கிடந்தோம். ஒருநாள் ஒரு குழு வந்து பால்மா பைகளைக் கொடுத்தது. கொடுப்பதற்கு முன் எங்களை வரிசையில் நிறுத்தி, ஒரு பாட்டைச் சொல்லித் தந்து, பாடச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அந்தப் பாட்டு என் அம்மம்மா எனக்குத் தொட்டிலில் பாடியது. நாங்கள் நான்கு தலைமுறைக் கிறிஸ்தவர்கள். "எங்களுக்குத் தெரியும்" என்று அம்மா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. என் சட்டையின் இரண்டு பொத்தான்கள் அறுந்திருந்தன. ஒரு கையால் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பால்மாவை உயர்த்திக் காட்டினேன். அந்தப் படம் எங்கோ ஒரு அறிக்கையில் இருக்கிறது.

'அப்படியென்றால் ஊழியமே வேண்டாமா?' என்று கேட்பீர்கள். வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? போங்கள். அங்குள்ள ரோமா பாஸ்டரைத் தேடிப்போய், அவர் பின்னால் நில்லுங்கள். 'அவர்கள் திருடுகிறவர்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குப் பதில் இல்லை. 'படம் போடாவிட்டால் பணம் சேராது' என்பதுதான் என்னையும் தடுமாற வைக்கும் கேள்வி. உண்மைதான், பணம் சேராது. அந்தப் பால்மாவை நானும் குடித்தேன், பசி தீர்ந்தது. ஆனால் முப்பது ஆண்டுகளாக எனக்கு நினைவிருப்பது பாலின் ருசி அல்ல, அந்தப் பொத்தான்கள். உடைந்த கூரையைக் காட்டுங்கள், பள்ளிக்கூடத்தைக் காட்டுங்கள், பிள்ளையின் முகம் எதற்கு? இன்னொரு அண்ணா, 'அவர்கள் ஆதியில் இந்தியர்கள், மதம் மாற்றாதீர்கள்' என்றார். மொழி அங்கிருந்து போனது உண்மை. அவர்களுடைய ரோமானி மொழியில் தண்ணீர் 'பானி', சிலுவைக்கு 'த்ருஷுல்' என்றொரு சொல், நம் திரிசூலம்தான். ஆயிரம் ஆண்டு நடந்தவர்கள் அந்தச் சொல்லுக்குத் தாங்களே புதுப்பொருள் கொடுத்திருக்கிறார்கள். நீங்களும் நானும் அவர்களுக்குச் சொந்தம் கொண்டாட வேண்டாம்.

இன்னும் ஒன்று. பாரிஸின் புறநகரான லா கூர்நெவில், நம் கடைகளும் நம் சபைகளும் இருக்கும் அதே ஊரில், 'சமாரியன்' என்று அழைக்கப்பட்ட ரோமா சேரி இருந்தது. அதற்குள்ளேயே அவர்கள் கட்டிய ஜெபவீடும் இருந்தது. 2015 ஆகஸ்டில் போலீசார் வந்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் தெருவில் நின்றன. நம்மில் யார் போனோம்? நானும் போகவில்லை. அன்று எனக்கு வேலை இருந்தது என்று இன்றுவரை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ருமேனியாவுக்கு டிக்கெட் எடுக்க முடிகிற நமக்கு, நான்கு தெரு நடக்கக் கால் வரவில்லை.

ஹோட்டலில் என்னோடு அறை துப்புரவு செய்யும் ரோமா அக்கா ஒருவர் இருக்கிறார். ஞாயிறுதோறும் சபைக்குப் போகிறவர். நேற்று இடைவேளையில் அந்தப் படத்தை அவரிடம் காட்டினேன். கையுறையைக் கழற்றி, விரலால் படத்தைப் பெரிதாக்கி, பையனின் கால்களை வெகுநேரம் பார்த்தார். பதாகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. "இவன் அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

படத்தைப் போட்ட தம்பி இதை வாசிப்பார் என்று தெரியும். இன்றிரவே அதை எடுத்துவிடுங்கள் தம்பி.