தர்மக் காசைச் சூதாட்டம்னு சொன்னவருக்கு

நேத்து சாயங்காலத்துல இருந்து நீங்க போட்ட அந்தப் பதிவையும் அதுக்குக் கீழ விழுந்த சிரிப்புப் பொம்மைகளையும் பார்த்துட்டே இருக்கேன். பேர் போடலை. ஆனா "காரைக்குடியில தர்மத்தின் பேரால் ஷேர் சூதாட்டம்"னா எங்க குழு தர்மத்துக்காக நடத்துற பங்குப் போட்டியைத்தான் சொல்றீங்கன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.

அண்ணே, அதுல யாருக்கும் ஒரு பைசா திரும்பி வராது. ஆளுக்கு ஆயிரம் ரூபா. ஜனவரியில, உயிரியல் மருந்து தயாரிக்கிற அஞ்சு பயோடெக் கம்பெனிப் பங்கைத் தாள்ல எழுதிக் குடுக்கணும். நிஜமா வாங்க வேண்டாம். டிசம்பர் கடைசி நாள் முடிவு விலையில யாரு முன்னாடி நிக்கிறாங்களோ, மொத்தப் பணமும் எந்தத் தர்மத்துக்குப் போகணும்னு அவங்க சொல்லுவாங்க. பரிசே அதுதான். போன வருஷப் பணம், டயாலிசிஸுக்கு அரசு ஆஸ்பத்திரி வர்றவங்க பஸ் செலவுக்கும் கூட வர்றவங்க சாப்பாட்டுக்கும் போச்சு. ரசீது எங்கிட்ட இருக்கு. இதுல சூதாட்டம் எங்க இருக்கு?

"அப்ப ஆயிரத்தை நேரா குடுத்துட்டுப் போகலாமே"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நியாயமான கேள்விதான். குடுக்கலாம், குடுத்துக்கிட்டும் இருக்கோம். ஆனா போட்டின்னு வந்ததாலதான் எல்லாரும் உட்கார்ந்து படிக்கிறோம். முதல் வருஷம் பாதிப் பேர் பாரத் பயோடெக்கைத்தான் எழுதிக் குடுத்தாங்க, கோவாக்சின் போட்டுக்கிட்ட பாசத்துல. அது பங்குச்சந்தையிலயே இல்லாத கம்பெனின்னு அப்பத்தான் தெரிஞ்சது. கம்பெனி ஆரம்பிச்ச உடனே பங்கு விற்பனைக்கு வந்துடாதுன்னும் புரிஞ்சது. 1978-ல நொதி தயாரிக்க ஆரம்பிச்ச பயோகான் கம்பெனி, பங்குச்சந்தைக்கு வந்தது 2004-ல. இடையில அத்தனை வருஷம்.

குழுவுல ஒரு ஆச்சி, வீட்டுக்காரருக்கு மறதி நோய். அவங்கதான் பயோஜென்ங்கிற அமெரிக்க மருந்துக் கம்பெனியோட கதையைத் தேடிப் படிச்சுச் சொன்னாங்க. அல்சைமர்ங்கிற மறதி நோய்க்கான மருந்துச் சோதனையை நிறுத்துறோம்னு 2019 மார்ச்சுல அறிவிச்சதும் ஒரே நாள்ல பங்கு விலையில கால்வாசிக்கு மேல காணாமப் போயிருச்சு. அப்புறம் நிபுணர் குழு வேண்டாம்னு சொல்லியும் 2021 ஜூன்ல அதே மருந்துக்கு அமெரிக்க அரசு அனுமதி குடுத்தது. 2024-ல கம்பெனியே அந்த மருந்தைக் கைவிட்டிருச்சு. இதைச் சொல்லும்போது அந்த ஆச்சி குரல் நடுங்குச்சு. மனுஷங்க மேல சோதனைக்கு வர்ற மருந்துகள்ல பத்துல ஒண்ணு கடைசிவரைக்கும் தேறுனாலே பெரிசுன்னு புரிஞ்சுக்கிட்ட ஒருத்தர், எவனோ வாட்ஸப்புல அனுப்புற "பத்து மடங்கு ஆகும்" பங்கை வாங்குவாரா? ஒரு பைசா ஆபத்தில்லாம இதைக் கத்துக்குறோம். இதுவா சூதாட்டம்?

"செபியே எச்சரிச்சிருக்கு." ஆமா, பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபி 2024-ல எச்சரிச்சது. பங்கு விலையை வச்சு விளையாட்டு நடத்துற செயலிகளையும் தளங்களையும் பத்தி. எங்ககிட்ட இருக்கறது ஒரு நோட்டுப் புத்தகம்.

தர்மத்தையும் வியாபாரத்தையும் கலக்கக் கூடாதாம். இந்த ஊர்ல இருந்துக்கிட்டு இதை எப்படிச் சொல்ல முடியுது? நம்ம பெரியவங்க கடைக் கணக்குலயே தர்மத்துக்குன்னு ஒரு பங்கை மகமைன்னு தனியா எழுதி ஒதுக்கினாங்க. கோயிலும் சத்திரமும் பள்ளிக்கூடமும் அந்தக் காசுலதானே வந்துச்சு?

என்னை நிஜமா வலிச்சது பதிவுகூட இல்லை, அதுக்குக் கீழ வந்த "பொம்பளைகளுக்கு எதுக்கு நாஸ்டாக்"ங்கிற வரி. அமெரிக்கப் பங்குச்சந்தை நமக்கு எதுக்குன்னு கேக்குறாங்க. எங்க ஆயா பள்ளிக்கூடத்தை மூணாவதோட நிறுத்தினவங்க. சீர்ப்பணம் யாருகிட்ட இருக்கு, என்ன வட்டி, எப்ப வரணும், எல்லாம் அவங்க கையெழுத்துலயே இருக்கும். ஐயாகூட அவங்களைக் கேட்காம அதைத் தொட்டதில்லை. ஈமு கோழி வளர்த்தா லாபம்னு சொன்ன திட்டத்துல எங்க சொந்தத்துல பணம் போட்டது அத்தனையும் ஆம்பளைங்க. 2012-ல பண்ணைக்காரன் மூடிட்டுப் போனப்ப, பெண்டாட்டி நகைதான் அடகுக்குப் போச்சு. அப்ப யாரும் பதிவு போடலையே, ஏன்?

ஒண்ணு சொல்லிடுறேன். அழகப்பா பல்கலைக்கழகத்துல பயோடெக்னாலஜி படிச்ச பொண்ணு ஒருத்தி குழுவுல இருந்தா. மூணாம் கட்டச் சோதனைன்னா என்ன, அறிக்கையில எந்த எண்ணைப் பார்க்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது அவதான். நேத்து ராத்திரி குழுவை விட்டுப் போயிட்டா. "அப்பச்சி திட்டுறாங்க ஆச்சி"ன்னு ஒரு வரி மட்டும் அனுப்பியிருக்கா. அந்தப் பதிவைப் படிச்சுட்டுத்தான் அவ அப்பா திட்டியிருக்கார். அண்ணே, அவர் உங்களுக்குத் தெரிஞ்சவர்தான். என்கிட்ட எதுவும் சொல்ல வேண்டாம். அவருக்கு ஒரு போன் பண்ணுங்க.