அரை லட்சத்துக்குப் பேனா, அரை மில்லி மை

ஃபவுண்டன் பேனா, விலை அரை லட்சம். திறந்தால் உள்ளே, சில நூறு ரூபாய்ப் பேனாவில் இருக்கிற அதே ரக கன்வெர்ட்டர், அதாவது மை உறிஞ்சி வைக்கிற கழற்றக்கூடிய சின்னக் குழாய். பெரும்பாலும் முக்கால் மில்லிகூடப் பிடிக்காது. சரி, பின்பக்கம் திருகினால் உடலுக்குள்ளேயே மை உறிஞ்சும் பிஸ்டன் பேனா வாங்கலாம் என்றால் அது வேறு தலைவலி. நிப் முழுக்க மூழ்கினால்தான் மை ஏறும். இல்லையென்றால் காற்றைத்தான் உறிஞ்சும். புட்டி அடியில் மை கிடக்கும், பேனாவுக்கு எட்டாது! கலர் மாற்ற வேண்டுமா, தண்ணீர் தெளிகிற வரை திருகித் திருகிக் கழுவணும். அதுவும் ஆர்.ஓ. தண்ணீரில். நம்ம ஊர் போர்வெல் தண்ணீர் ஃபீடில் (நிப்புக்கு மை கொண்டுவரும் அடிப்பகுதி) உப்பாகப் படியும். திருகு இறுகினால் பலத்தைக் காட்டக் கூடாது, உள்ளே உடையும். நிப் கழலும் ரகமென்றால் காதுக்குச்சி நுனியில் கடுகளவு சிலிக்கான் கிரீஸ் எடுத்து உள்சுவரில் தடவலாம். கழலாததென்றால் சர்வீஸ்தான், வாரக்கணக்கில். மையை நேரே உடலுக்குள் விடுகிற எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாவுக்கு ஒரு டிராப்பர் போதும், 2 மில்லிக்கு மேலேயே பிடிக்கும். மை குறைந்தால் கைச்சூட்டில் உள்ளே காற்று விரிந்து மையைக் கக்கும், அது வேற விஷயம்.