பைபிள் அட்டையில் ஒட்டியிருந்த பொட்டு

எங்கள் சபையில் நகை கிடையாது. தோடு, செயின், தலையில் பூ எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் வெள்ளைச் சேலை. உள்ளதைச் சொன்னால், நகையைக் கழற்றிய பிறகுதான் என் கண் அடுத்தவர் காதுக்குப் போக ஆரம்பித்தது. புதிதாக யார் வந்தாலும் முதலில் காது, அப்புறம் நெற்றி. முகம் மூன்றாவதுதான்.

போன வருஷம் ஒரு அக்கா வரத் தொடங்கினார். கடைசி வரிசையில் உட்காருவார், முடிவு ஜெபத்துக்கு முன்பே கிளம்பிவிடுவார். ஒருநாள் குழாயடியில் பார்த்தேன். பைபிள் அட்டையின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் உரித்து நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம்! சபைக்கு ஒரு முகம், வீட்டுக்கு ஒரு முகமா? அன்றைக்கே இரண்டு பேரிடம் சொல்லியாயிற்று. ஜெபக் குறிப்பு என்றுதான் சொன்னேன். புறணிக்கு நம்மிடம் அப்படியொரு நல்ல பெயர் உண்டு.

மீன் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. கணவருக்குத் தெரிந்தால் அடி விழும். மார்க்கெட் கலைவதற்குள் மீன் வாங்க வேண்டும், அதற்குத்தான் அந்த ஓட்டம்.

அப்போதுதான் நாகமான் நினைவுக்கு வந்தான். பைபிளில் 2 இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரம். குஷ்டம் தீர்ந்த சீரியப் படைத்தலைவன், இனி கர்த்தருக்கு மட்டுமே பலி செலுத்துவேன் என்கிறான். அதே மூச்சில், என் ராஜா என் கையைப் பிடித்துக்கொண்டு ரிம்மோன் என்கிற எங்கள் ஊர்த் தெய்வத்தின் கோவிலுக்குள் போகும்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிக்க வேண்டும் என்கிறான். அவனைக் குணமாக்கிய தீர்க்கதரிசி எலிசா திட்டவில்லை. சமாதானத்தோடே போ என்கிறார், அவ்வளவுதான். நகை போடாததற்கு வசனம் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். இந்த இடம் மட்டும் என் கண்ணில் படவே இல்லை.

அப்படியானால் சபைக்கு ஒழுங்கே வேண்டாமா என்று கேட்பீர்கள். நான் தோடு போடப்போவதில்லை. அது நான் ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கு, பொருத்தனை. அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு இன்னொருத்தி நெற்றியை அளக்கப் போனேனே, அதைத்தான் தப்பு என்கிறேன். அடுத்த ராஜாவை அபிஷேகம் பண்ணப் போன இடத்தில், தாவீதின் அண்ணன் எலியாபின் உயரத்தைப் பார்த்து இவன்தான் என்று ஏமாந்தது சாமுவேல் தீர்க்கதரிசி. அதற்கு முன்பே உயரமான சவுலை ராஜாவாக்கிப் பட்டவர். அவருக்கே அப்படியென்றால் நான் எம்மாத்திரம்?

சொன்ன இரண்டு பேரிடமும் போய், நான் சொன்னது தப்பு என்றேன். அவர்கள் யார் யாரிடம் சொன்னார்களோ, அந்த ஆட்களை எங்கே போய்ப் பிடிப்பது?

போன ஞாயிறு அந்த அக்கா மறுபடி குழாயடியில் நின்றார். கண்ணாடி இல்லாததால் பொட்டு கோணலாக இருந்தது.

“கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வைங்கக்கா” என்றேன்.