அது பனி இல்லைங்க

சனிக்கிழமை காலை, பையனின் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் நான் கேட்டதும், அதற்கு வந்த பதில்களும் இந்நேரம் கோவையில் எங்கள் வடவள்ளிப் பக்கம் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பரப்பிய புண்ணியவான் நல்லா இருக்கட்டும். நான் கேட்டது ஒன்றுதான். மேற்கே மலையில் மூன்று நாளாகத் தீ, ஊரெல்லாம் புகை, பள்ளி விளையாட்டு விழாவை ஒரு வாரம் தள்ளி வைக்கலாமா? "அம்மிணி, அது பனி. தீ எரியறது முப்பது கிலோமீட்டர் தள்ளி" என்றார் ஒரு பெரியவர். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

பனியாம். மார்ச் மாதம், காலை ஒன்பதரை மணி. சூரியன் குங்குமப் பொட்டு மாதிரி, கண் கூசாமல் பார்க்கிற அளவில் நிற்கிறது. கொடியில் காய்ந்த துண்டை முகத்தில் வைத்தால் சருகு கருகிய வாடை. மாடியில் அம்மா பிழிந்து வைத்த வடகத்தில் கறுப்புப் பொடி. எந்த ஊர்ப் பனிங்க இது?

2023 ஜூனில் கனடாவின் கியூபெக் காடுகளில் எரிந்த புகை, பல நூறு கிலோமீட்டர் தாண்டி நியூயார்க் வானத்தை ஆரஞ்சாக்கியது. அங்கே பள்ளிகளில் வெளி விளையாட்டை நிறுத்தினார்கள். அந்தப் புகை அட்லாண்டிக்கைத் தாண்டி நார்வே வரைக்கும் போனது. நம்ம ஊர்ப் புகை மட்டும் செக்போஸ்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுமா? அதே வருஷம் ஏப்ரலில் ஆலாந்துறைப் பக்கம் மலை எரிந்தபோது, சூலூர் விமானப்படை ஹெலிகாப்டர் மலம்புழா அணையில் தண்ணீர் மொண்டுவந்து ஊற்றியதை ஆளாளுக்கு ஃபார்வர்டு செய்தோமே! கேரளாத் தண்ணீர் மலை தாண்டி வந்தது நம்பும்படி இருந்தது. புகை வந்தது மட்டும் நம்ப முடியவில்லை.

பெரிய சாம்பல்தான் சீக்கிரம் விழும். தலைமுடித் தடிமனில் 30-இல் ஒரு பங்குகூட வராத பொடி நாள் கணக்கில் காற்றிலேயே கிடக்கும். ராத்திரி குளிர்ந்த காற்று மலைச்சரிவில் இறங்கித் தாழ்வில் தங்கிவிடும். மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடி போட்ட மாதிரி அமுக்கும். வெயில் ஏறித் தரை சூடாகும்வரை புகை எழும்பாது. அதாவது, சரியாகப் பிள்ளைகள் அணிவகுப்பு நடக்கிற நேரம்.

"காத்து சுத்தமான்னு பார்க்கிற ஆப்புல பச்சைதானே காட்டுது?" அதற்கு அளவு எடுக்கிற கருவி இருப்பது ஊருக்கு அந்தப் பக்கம். "உங்க கார்ல புகை வரலையா?" வருகிறது, ஒத்துக்கொள்கிறேன். அப்புறம், "நாங்கெல்லாம் விறகடுப்புப் புகையிலயே வளர்ந்தவங்க." இதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

என் அம்மாவைப் பெற்ற அமுச்சியும் அப்படித்தான். தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஓட்டு வீடு, ஜன்னல் இல்லாத சமையல்கட்டு. ஊதுகுழலை வைத்துக்கொண்டு ஐம்பது வருஷத்துக்கு மேல் அடுப்பு ஊதினாள். கடைசியில் இளைப்பு. பெரிய டாக்டர் நுரையீரல் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாட்டி பீடி குடிப்பாங்களா?" என்று கேட்டார். எங்க மாமா சிரித்துவிட்டார். படுத்தால் மூச்சு முட்டும் என்று கடைசி ரெண்டு வருஷம் திண்ணைத் தூணில் சாய்ந்தே தூங்கினாள். அவளால் குரூப்பில் வந்து "நாங்கெல்லாம் வளர்ந்தவங்க" என்று எழுத முடியாது.

ஊரே மெச்சி விழா எடுக்கிறது, நான் மட்டும் கெடுக்க வந்தவள் என்கிறீர்கள். சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேறொரு பையனின் அப்பா, நான் சொன்னதையே கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து போட்டார். "நல்ல தகவல் சார், நன்றி சார்" என்று அதே பெரியவர். அவருக்குச் சார், எனக்கு அம்மிணி. புகையைவிட அதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. பட்டம் வாங்கிப் பதினாறு வருஷம் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவளுக்குப் பனி எது, புகை எது என்று தெரியாதாம்!

என் பையன் இருநூறு மீட்டரில் மூன்றாவதாக வந்தான். பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டே இன்ஹேலர் இழுத்தான். ராத்திரி மூன்று மணிவரை நெபுலைசர். அந்தப் போட்டோவை நான் குரூப்பில் போடவில்லை.

வரும் சனிக்கிழமை மீதிப் போட்டிகளாம். மலை இன்னும் புகைந்துகொண்டுதான் இருக்கிறது. "லீவு லெட்டர்ல என்ன காரணம்மா எழுதறது?" என்று கேட்டான். பனி என்று எழுதச் சொன்னேன்.