இருப்புக் கணக்கு

கடந்த ஒன்றரை ஆண்டாக எங்கள் வீட்டில் பணம் போதவில்லை. இதைச் சுற்றி வளைக்காமல் ஒரே வரியில் எழுதுவதற்கே எனக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. முதலில் வேலை போனது. சில மாதங்கள் கழித்துக் கிடைத்த வேலையில் சம்பளம் ஏறக்குறைய பாதி. மாதத் தவணைகளோ பழைய சம்பளத்தை நம்பி ஏற்றுக்கொண்டவை என்பதால், அவை ஒரு காசும் குறையவில்லை. இந்தக் காலத்தில் என்மீது அக்கறை கொண்ட பலரும் ஏதோ ஒரு வடிவில் சொன்ன அறிவுரை ஒன்றுதான்: இருப்பதை நினைத்து நிறைவாக இரு. அந்த அறிவுரையில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையை நான் வந்தடைந்த வழி, அவர்கள் காட்டிய வழி இல்லை. அந்த வேறுபாட்டை எழுதிவிட வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பணமுடையில் இருப்பவரிடம் மகிழ்ச்சியாக இருக்கச் சொல்லும்போது, சொல்பவர் அறியாமலேயே கேட்பவர் காதில் இன்னொரு செய்தியும் விழுகிறது. உன் துன்பத்திற்குக் காரணம் உன் நிலைமை இல்லை, அதை நீ பார்க்கும் விதம்தான் என்பதே அந்தச் செய்தி. ஏற்கெனவே தன்னைத் தானே குற்றம் சாட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது மேலும் ஒரு பாரம். இந்த விஷயத்தில் வள்ளுவரின் நேர்மை எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. துன்பம் வரும்போது நகைத்து எதிர்கொள் என்று 63-ஆம் அதிகாரமாகிய இடுக்கண் அழியாமையைத் தொடங்குகிறவர் அவர். அதே வள்ளுவர் நல்குரவு என்னும் 105-ஆம் அதிகாரத்தில் வறுமையைப் பற்றிப் பேசும்போது யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை. நெருப்புக்குள்ளேகூட ஒருவர் உறங்கிவிடலாம், வறுமைக்குள் கண்மூட முடியாது என்கிறார். நேற்றுக் கொன்றதுபோல் வருத்திய வறுமை இன்றும் வருமோ என்று ஒருவர் அஞ்சுவதையும், இல்லாதவர் எவ்வளவு நல்ல பொருளை உணர்ந்து சொன்னாலும் அந்தச் சொல் எடுபடாமல் போவதையும் அந்த அதிகாரம் அப்படியே பதிவு செய்கிறது. மன உறுதியைப் பாடியவர், வறுமையின் கொடுமையைக் குறைத்துச் சொல்ல வேண்டிய தேவையை உணரவில்லை. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்ல மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை.

பணக்கவலை ஒருவரின் குணத்தை மட்டுமன்றி அறிவின் கூர்மையையும் தொடுகிறது என்பதை நான் என் அனுபவத்தில் உணர்ந்த பிறகுதான், அதைப் பற்றி ஓர் ஆய்வே இருப்பதை அறிந்தேன். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், ஜியாயிங் ஜாவ், எல்டார் ஷஃபிர் ஆகியோர் 2013-இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு அது. தமிழ்நாட்டுக் கரும்பு உழவர்கள் 464 பேரை அறுவடைக்கு முன், கையில் பணம் வற்றியிருந்த காலத்தில் ஒரு முறையும், அறுவடைப் பணம் வந்த பிறகு இன்னொரு முறையும் சிந்தனைத் திறன் சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். அதே மனிதர், அதே மூளை. இருந்தும் பணமில்லாத காலத்தில் அவர்கள் பெற்ற மதிப்பெண் குறைவாகவே இருந்தது. ஊட்டமோ உழைப்பின் அளவோ மட்டும் இதை விளக்கிவிடவில்லை என்றும், கவலையே மனத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்கிறது என்றும் அவர்கள் கருதினார்கள். இதைப் படித்த அன்று எனக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது. அலுவலகத்தில் எளிய கூட்டலைத் தவறாகப் போட்டதும், மகள் மூன்று முறை கேட்ட கேள்வி ஒரு முறைகூடக் காதில் விழாமல் போனதும் என் பொறுப்பின்மையால் மட்டும் நேர்ந்தவை அல்ல என்று முதன்முதலாக என்னை நானே மன்னிக்க முடிந்தது.

அந்த நாட்களில் என் கைபேசி எப்போதும் மேசையில் முகம் குப்புறக் கிடக்கும். அது அதிரும்போது மரப்பலகையில் எழும் அந்தச் சிறிய உறுமலைக் கேட்டதுமே வயிறு இறுகும். அழைப்பது கடன் கொடுத்த நிறுவனமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டு, யார் என்றுகூடப் பார்க்க மாட்டேன். அப்படி நான் பார்க்காமல் விட்டவற்றில் என் பழைய நண்பர் ஒருவரின் அழைப்புகளும் இருந்தன. இரண்டு வாரங்களில் ஏழு முறை அழைத்திருக்கிறார். கடைசியில் நேரில் வந்து கதவைத் தட்டினார். "உனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துவிட்டேன்" என்று அவர் வாசலில் நின்று சொன்னபோது, எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. பணம் குறைந்தது என் கையில் இல்லாத காரணத்தால். நண்பரை இழக்கத் தொடங்கியிருந்ததோ என் கையால். இல்லாமை தான் எடுத்துக்கொண்டதோடு நிற்பதில்லை, மிச்சமிருப்பதையும் நம்மைக் கொண்டே அப்புறப்படுத்துகிறது என்பது அன்று எனக்கு உறைத்தது. இருப்பதை மதிக்க வேண்டும் என்று நான் சொல்வதெல்லாம் இந்தப் பொருளில்தான். மதிக்காவிட்டால் அதுவும் போய்விடும்.

அன்றிரவு ஒரு குறிப்பேட்டை எடுத்தேன். இடது பக்கத்தில், அதுவரை தலைக்குள் மட்டுமே சுமந்துகொண்டிருந்த கடன்களை ஒவ்வொன்றாக எழுதினேன். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், என்ன வட்டிக்கு என்று எழுதி முடித்தபோது மணி இரண்டு. அந்தத் தொகை சிறிதாக இல்லை, ஆனால் பயந்த அளவுக்குப் பெரிதாகவும் இல்லை. அதற்கு ஓர் எல்லை இருந்தது, அவ்வளவுதான். தலைக்குள் இருந்தவரை அதற்கு எல்லையே கிடையாது. பிறகு வலது பக்கத்தைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. அங்கே இருப்பவற்றை எழுதலாம் என்று தோன்றியது. ஆனால் இடது பக்கத்தைத் தங்குதடையின்றி நிரப்பிய கை, வலது பக்கத்தில் வெகுநேரம் நகரவே இல்லை.

மனித மனத்தின் இயல்பே இதுதான் என்பதைப் பின்னர் புரிந்துகொண்டேன். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், ஒரே அளவு பணம் கிடைப்பதால் வரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு பணத்தை இழப்பதால் வரும் வலி மனத்தில் அதிக எடை கொள்கிறது என்று விளக்கினார்கள். அப்படியானால், போனவற்றின் பட்டியலை மனம் தானாகவே எழுதிக்கொள்ளும். இருப்பவற்றின் பட்டியலை நாம்தான் உட்கார்ந்து எழுத வேண்டும். நன்றியுணர்வு தானாக ஊறவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. அது ஊற்றைப் போன்றது இல்லை, தோண்ட வேண்டிய கிணறு.

கணக்கு எழுதுபவர்கள் கையிலோ கிடங்கிலோ உள்ளதை 'இருப்பு' என்பார்கள். தமிழில் அதே சொல்தான் ஒருவர் உயிரோடும் தன்னிலையோடும் இருப்பதையும் குறிக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது கிடங்கைத் திறந்து, உள்ளதை உள்ளபடி எண்ணிப் பார்க்காத வணிகர், தன்னிடம் இருக்கும் சரக்கையே மீண்டும் கடன் வாங்கி வாங்குவார். நானும் அதையே செய்திருக்கிறேன். வீட்டில் எனக்கு மதிப்பு இல்லை என்று நானாகவே எண்ணிக்கொண்டு, அந்த மதிப்பைத் திரும்பப் பெறுவதற்காகக் கடன் அட்டையில் பரிசுப் பொருள்கள் வாங்கினேன். மதிப்பு ஒருபோதும் குறைந்திருக்கவில்லை. எண்ணிப் பார்க்காததால் எனக்குத் தெரியவில்லை.

வலது பக்கத்தில் முதலில் எழுதியவை பெரிய விஷயங்கள் அல்ல. கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிற கண்கள். நடந்தே போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் வேலை. கதவைத் தட்டிய நண்பர். பழுதானதைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யத் தெரிந்த கைகள். பிறகு, மகள் செய்த ஒரு காரியம் நினைவுக்கு வந்தது. புதிய வகுப்புக்கு நோட்டுகள் வாங்க வேண்டுமே என்று நான் தவித்துக்கொண்டிருந்த வாரத்தில், அவள் பழைய நோட்டுகளிலிருந்து எழுதாத தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, ஓரங்களைத் தட்டிச் சமன் செய்து, தடித்த ஊசியால் நடுவில் தைத்து, காலண்டர் தாளால் அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நோட்டுக்குள் மூன்று விதமான கோடுகள். சில தாள்களின் கோடு நீலம், சிலவற்றில் சாம்பல். "அப்பா, இது கணக்குக்கு, இது ரஃப்" என்று இரண்டைத் தூக்கிக் காட்டினாள். அவள் முகத்தில் இல்லாமையின் சுவடே இல்லை. ஒன்றைத் தானே செய்து முடித்தவரின் நிறைவு மட்டுமே இருந்தது. அன்று அதைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன். குறிப்பேட்டில் அதை எழுதும்போதுதான், வெட்கப்பட்ட இடத்தில் அன்று பெருமைப்பட்டிருக்க வேண்டும் என்று தெரிந்தது.

ஒன்றை மட்டும் அந்தப் பக்கத்தில் எழுதக் கூடாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். என்னைவிடத் துன்பப்படுபவர்களை நினைத்து ஆறுதல் அடைவது கூடாது. உனக்குக் கீழே உள்ளவர் கோடி என்று நம்மிடம் பலரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இன்னொருவரின் பசியை நம் நிறைவுக்கு ஆதாரமாக்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை, அது நிலைப்பதுமில்லை. கீழே பார்த்து மகிழப் பழகிய கண், மேலே பார்த்து ஏங்கவும் அதே வேகத்தில் பழகிவிடும். இருப்பதை அதன் பொருட்டே பார்க்க வேண்டும்.

இப்படி எழுதுவதால் பயன் உண்டா என்று ஐயப்படுபவர்களுக்காக ஒன்று. உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு குழுவினர் வாரம் ஒரு முறை, பத்து வாரங்களுக்கு, தாங்கள் நன்றி கொள்ளத்தக்க ஐந்து விஷயங்கள் வரை எழுதினார்கள். இன்னொரு குழு அன்றாடத் தொல்லைகளை எழுதியது. முதல் குழுவினர் தங்கள் வாழ்க்கையைப் பற்றி ஒட்டுமொத்தமாக நல்லவிதமாகவும், வரும் வாரத்தைப் பற்றிக் கூடுதல் நம்பிக்கையுடனும் இருந்தார்கள். அதில் பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். கடன்காரருக்கு அஞ்சியவர்கள் அல்லர். ஆகவே இதை மந்திரமாக நான் முன்வைக்கவில்லை. எழுதுவதால் தவணை அடையாது. ஆனால் எழுதிய வாரங்களில் தவணையைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பு இருந்தது, எழுதாத வாரங்களில் இல்லை.

அந்தத் தெம்பில்தான் கடன் கொடுத்த நிறுவனத்தை நானே முதலில் அழைத்தேன். தவணை தவறிய பிறகு பேசுவதைவிடத் தவறுவதற்கு முன்பே பேசினால் வழிகள் கூடுதலாக இருக்கும் என்று நண்பர் சொன்னது என் வரையில் உண்மையாயிற்று. காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைத்துத் தந்தார்கள். மொத்த வட்டி கூடும் என்பதைத் தெரிந்தே ஒப்புக்கொண்டேன். கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் அதில் பெரும்பகுதி வட்டிக்கே போய், அசல் அசையாமல் நிற்கும் என்பதும் இடது பக்கத்தை எழுதிய பிறகே கண்ணில் பட்டது. வட்டி அதிகமான கடனுக்கு முதலில் கூடுதலாகக் கட்டத் தொடங்கினேன்.

நன்றியுணர்வைப் பற்றி எனக்குள்ள ஓர் அச்சத்தையும் சொல்லாமல் விட முடியாது. முன்பு வேலை பார்த்த இடத்தில் எனக்கு வர வேண்டிய நிலுவைச் சம்பளத்தைக் கேட்டபோது, இந்தக் காலத்தில் இவ்வளவு நாள் வேலை இருந்ததற்கே நன்றியோடு இருக்க வேண்டும் என்ற பதில் வந்தது. இருப்பதை மதிப்பது ஒருவர் தன் மனத்துக்குள் தானே செய்துகொள்ள வேண்டிய காரியம். அதை இன்னொருவரிடம் கேட்டு வாங்க முடியாது. அதைக் காட்டி அவர் உரிமையைத் தட்டிப் பறிப்பது அநியாயம். உழைத்த கூலியைக் கேட்பவர் நன்றி கெட்டவர் ஆகமாட்டார். தன் உழைப்பு தன்னிடம் உள்ள பெரும் இருப்பு என்று மதிக்கத் தெரிந்தவரே அதற்கான விலையை நிமிர்ந்து கேட்பார். நான் மீண்டும் கேட்டேன், எழுத்திலும் கேட்டேன். ஒரு பகுதி வந்தது. மீதியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்வது என்பதில் எனக்கு முழுத் தெளிவு இன்னும் வரவில்லை. மகளிடம் தொகைகளைச் சொல்லவில்லை. இந்த ஆண்டு நாம் சற்றுக் குறைவாகச் செலவு செய்வோம், அதற்குக் காரணம் அப்பாவின் சம்பளம் குறைந்ததுதான், நீ எதுவும் தவறு செய்யவில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் தலையசைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். நான் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

மனைவியிடம் அந்தக் குறிப்பேட்டை நான் மறைக்கவில்லை, காட்டவும் இல்லை. அலமாரியில் கிடந்தது. ஒரு நாள் வாரக் கணக்கை எழுதத் திறந்தபோது, அவள் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருப்பதைக் கண்டேன். நான் எதிர்பார்த்ததுபோல் வலது பக்கத்தில் இல்லை. இடது பக்கத்தில், என் பட்டியலுக்குக் கீழே, தன் அக்காவிடம் எட்டு மாதங்களுக்கு முன் வாங்கிய கடனின் தொகையையும் தேதியையும் எழுதியிருந்தாள். வட்டி என்ற கட்டத்தில் ஒரு கோடு. வீடு நடத்தப் போதாத மாதங்களில், நான் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறேன் என்று என்னிடம் சொல்லாமல் அவள் தனியாகச் சுமந்தது அது. "நீங்க எழுதியிருந்ததைப் பார்த்தேன். என்னோடதும் அதுல இருக்கட்டும்னு தோணுச்சு" என்றாள். இருவரும் மேசையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து கூட்டலை மறுபடி போட்டோம். இடது பக்கத்தின் மொத்தம் கூடியது. அன்றிரவு விடியும்வரை விழிக்காமல் உறங்கினேன். அவளும் உறங்கியதாகக் காலையில் சொன்னாள்.