டக்ளஸ் ஷயர்: வாக்கு 2013, மன்றம் 2014

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள டக்ளஸ் ஷயர் என்ற உள்ளாட்சிப் பகுதி 2013-இல் கெய்ர்ன்ஸ் மன்றத்திலிருந்து பிரிந்ததாக ஒரு கட்டுரை சொல்கிறது. ஆனால் 2013 மார்ச் 9 வாக்கெடுப்பு நாள் மட்டுமே. ஏறத்தாழ 58% பேர் பிரிவினைக்கு ஆதரவளித்தனர். மொஸ்மனைத் தலைமையிடமாகக் கொண்ட தனி மன்றம் 2014 ஜனவரி 1-இல்தான் மீண்டது.

கட்டுரையில் முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது: பிரிவினைச் செலவைப் பிரிந்த பகுதியே ஏற்க வேண்டும் என்பது மாநில அரசின் நிபந்தனை. 2008-இல் கேட்காமலே கெய்ர்ன்ஸுடன் இணைத்துவிட்டு, விலகும்போது மட்டும் பில்லை மக்களிடம் நீட்டியது அநியாயம்!

சிறிய மன்றத்தின் சுமையும் லேசல்ல. மொஸ்மன், போர்ட் டக்ளஸ் ஆகிய இரு ஊர்களுக்கும் குடிநீர் முக்கியமாக ரெக்ஸ் ஓடையிலிருந்து வருகிறது. கனமழையில் ஓடை சேறாகக் கலங்கினால் வடிகட்டிகள் திணறும், உற்பத்தி சரியும், தொட்டிகள் வற்றும். ஆகவே வெள்ளக் காலத்திலும் அங்கே தண்ணீர்க் கட்டுப்பாடு வரும். டெயின்ட்ரீ ஆற்றின் கம்பிவடப் படகுச் சேவையும் இதே மன்றத்தின் பொறுப்பு.